மிதி, எடு

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய லாரி டிரைவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டோம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது பேச்சு அந்த மெக்கானிக் பக்கம் போனது. அவரை மாதிரி ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றார் ஒருத்தர். தங்கமான மனுசன் என்றார் இன்னொருத்தர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கமாம்! அந்தத் தங்கத்தைப் போடியைவிட்டுக் கிளப்பிய அன்றைக்கு இதே வாய்கள் என்ன செய்துகொண்டிருந்தன? டீ குடித்துக்கொண்டிருந்தன. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும். எழுந்து வந்துவிட்டேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. மலைக்கு வண்டி ஓட்டிய எங்களுக்கெல்லாம் அவர் 'மிதியெடு'தான். 'பிரேக்கு போயிருச்சா? மிதியெடுட்ட கொண்டுட்டுப் போ' என்போம்.

போடியிலிருந்து மலைக்குப் போகிற முந்தல் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் ஆள் இறங்கி நிற்கிற குழி, பக்கத்தில் டீக்கடை. அதுதான் ஒர்க்‌ஷாப். வண்டியில் சத்தம் வருகிறது என்று போய் நின்றால், என்ன சத்தம், எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி கிடையாது. நாமாகச் சொல்ல ஆரம்பித்தாலும் உள்ளங்கையைக் காட்டி அடக்கிவிடுவார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்துநாலு மணி நேரமும் அந்த வண்டியோடு கிடக்கிறவன் நான். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காதா? கேட்க மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குக் கீழே குனிந்துகொண்டு 'மிதி' என்பார். கிளட்சை மிதிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து 'எடு' என்பார். காலை எடுக்க வேண்டும். மிதி. எடு. மிதி. எடு. டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்களும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி.

சூட்சுமம் இவ்வளவுதான். மிதிக்கும்போது சத்தம் வந்து, காலை எடுத்ததும் நின்றுபோனால் கோளாறு கிளட்ச் பேரிங்கில். காலை எடுத்திருக்கும்போது கத்தி, மிதித்தால் அடங்கினால் கோளாறு கியர் பாக்ஸ் பேரிங்கில். இது தெரியாமல் கியர் பாக்ஸை இறக்கி, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றி, கடைசியில் சத்தமும் போகாமல் 'பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்' என்று அனுப்பிவைத்தவர்கள் அப்போது போடியில் நிறையப் பேர். இவர் ஒரு தடவைகூடத் தப்பான சாமானைக் கழற்றியதில்லை. அதை நான் மறுக்கவில்லை.

என் கோபம் அவர் வாயின் மேல். கண்டுபிடித்ததைக் கண்டுபிடித்த இடத்திலேயே, யார் நின்றாலும், உரத்த குரலில் சொல்லிவிடுவார். ஒருத்தனைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்வது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மனுசனுக்குத் தெரியாது.

முதன்முதலாக நான் அவரிடம் மாட்டியது எமர்ஜென்சி முடிந்த மறுவருசம். எங்கள் முதலாளிக்கு, இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பழைய மூக்கு லாரி. எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவேன். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. கிளட்சை மிதித்தால் உள்ளே சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். முதலாளியும் கூட வந்திருந்தார். மிதி, எடு எல்லாம் முடிந்து கியர் பாக்ஸை இறக்கினார். பேரிங் நீலம் பாரித்துக் கருகிக் கிடந்தது. போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அதைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு கேபினுக்குள் தலையை விட்டு கிளட்ச் பெடலைப் பார்த்தார். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. நேரே பெஞ்சுக்கு வந்து என் இடது காலைப் பிடித்துத் தூக்கினார், லாடம் கட்டுகிறவன் மாட்டின் காலைத் தூக்குகிற மாதிரி. நான் வெறுங்காலால் வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்கும் இன்றைக்கும் அப்படித்தான். செருப்பு சீட்டுக்குப் பின்னால் கிடக்கும். என் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்.

"பேரிங்கு மேல குத்தமில்ல மொதலாளி. இந்தக் காலுலதான் குத்தம். மலை ஏறுனாலும் எறங்குனாலும் கிளட்சு மேலயே படுத்துக் கெடக்கு."

பெடலை மிதிக்கக்கூட வேண்டாம், காலைச் சும்மா வைத்திருந்தாலே போதும். உள்ளே பேரிங் உரசிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், சூடேறிக் கருகிவிடும். "காலுக்கும் பெடலுக்கும் நடுவுல காத்துப் போகணும் அப்பு" என்றார் என்னிடம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினேழு வளைவு, நிமிசத்துக்கு ஒரு கியர், காலை எங்கேதான் வைப்பது, தலையிலா என்று கேட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டார். டீக்கடையே சிரித்தது. மூன்று மாதம் என்னைப் 'படுத்த காலு' என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊர் பொட்டிபுரத்தில் என் மச்சினன் வரைக்கும் அந்தப் பேர் போய்விட்டது. தனியாகச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ள மாட்டேனா? சொல்லுங்கள், நியாயமா இது?

ஆனால் காலைத் திருத்திக்கொண்டேன் என்பதும் உண்மை. அவர் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வெட்டிப் பெடலுக்குப் புதிதாக மாட்டியிருந்தார். பெடலுக்கு இடப்பக்கம் கீழ்ப்பலகையில் ஒரு வேப்பங்கட்டையும் அடித்திருந்தார். நான் கேட்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. 'இதுல வை' என்று மட்டும் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று பிறகுதான் உறைத்தது. கியர் மாற்றினால் கால் கட்டைக்குப் போகும். பழகிவிட்டது. அந்த ஆளோடு மட்டும் பேசவில்லை.

அவரிடம் அசிங்கப்பட்டது நான் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பஸ் டிரைவர், கிளட்சில் கடகடவென்று சத்தம் என்று ஆட்களோடு பஸ்சைக் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பது தடவை மிதி, எடு. ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பஸ்சைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார். சீட்டுக்கடியில் கையை விட்டு டிரைவரின் தூக்குச்சட்டியை எடுத்தார். அதைப் பஸ்சின் மூக்கின் மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, "இதான் கிளட்சு. உள்ள ரசஞ்சோறு இருக்கு" என்றார். பஸ்சில் இருந்த பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் அந்த டிரைவர் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டார்.

ஒரு தடவை அவரே மாட்டிக்கொண்டார், அது வேறு விதம். பூப்பாறைப் பக்கத்திலிருந்து மலையாளத்து டிரைவர் ஒருத்தர் ஜீப்பைக் கொண்டுவந்தார். தமிழ் சுத்தமாகத் தெரியாது. இவர் குனிந்துகொண்டு 'மிதி' என்றார். அவர் டப்பென்று இன்ஜினை நிறுத்திவிட்டார். இவர் நிமிர்ந்து பார்த்து, மறுபடி ஓடவிடச் சொல்லி, மறுபடி 'மிதி' என்றார். மறுபடியும் நிறுத்தம். நாலு தடவை இப்படி. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெஞ்சில் இருந்த கங்காணி ஒருத்தர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்: மலையாளத்தில் 'மதி' என்றால் போதும் என்று அர்த்தம். மிதி அவர் காதில் மதி என்று விழுகிறது. போதும் என்றால் அவர் நிறுத்தத்தானே செய்வார்? அன்றைக்குத்தான் மிதியெடு சிரித்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் வேலை முடிந்தால் அவரே 'மதி' என்று சொல்லிக் கையைக் கழுவுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்றுக்கு அவர் கிளட்ச் வேலை பார்த்து அனுப்பினார். மறுநாளே சத்தத்தோடு திரும்பி வந்தது. டிரைவர் பாவம், தன் கால்தான் என்று பயந்துபோய் நின்றார். மிதி, எடு. குழிக்குள் போனார், வந்தார், டீக்கடை முன்னால் நின்றார். 'ஸ்பிரிங்கு ஒண்ணை மாட்ட மறந்துட்டேன். என் சோலிதான் தப்பு. அவரு ஓட்டுனதுல ஒண்ணுமில்ல' என்று சந்தைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். டிரைவருக்கே கூச்சமாகிவிட்டது. மெதுவாகச் சொல்லக்கூடாதா அண்ணே என்றார். "உன்னயச் சொல்றப்ப மெதுவாவா சொன்னேன்?" என்று கேட்டார் இவர். பெஞ்சில் நானும் இருந்தேன். அன்றைக்கு என் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதியை வீம்புக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் முதலாளி வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார்.

ஒரே மகள். மாப்பிள்ளை மதுரைப் பக்கம், படித்தவர். எங்கள் பக்கத்தில் வீட்டு மாப்பிள்ளை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளை சாம்பாரைக் கொட்டினால் இலை சரியில்லை என்பார்கள். மாப்பிள்ளை தடுக்கி விழுந்தால் நிலைப்படியை இழைப்பார்கள். குற்றம் என்ற சொல்லையே அவர் இருக்கிற தெருவில் பேசமாட்டார்கள். இவர் பெல்பாட்டம் போட்டு, குதிகால் உயர்ந்த ஷூ போட்டு, அதற்கு இரும்பு லாடமும் அடித்திருந்தார். சிமிண்டுத் தரையில் நடந்தால் டக் டக் என்று கேட்கும். அவருக்கு ஒரு ஆசை, லாரி ஓட்ட வேண்டும்.

சனிக்கிழமை சாயந்திரம் வண்டியை முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் நிறுத்திவிட்டு நான் பொட்டிபுரம் போய்விடுவேன். திங்கட்கிழமை விடிய வருவேன். வந்து பார்த்தால் கண்ணாடி திரும்பியிருக்கும், சீட்டில் சென்ட் வாசம் அடிக்கும், ராசிங்காபுரத்துச் செம்மண் டயரில் ஒட்டியிருக்கும். கிளட்ச் பெடல் ரப்பரின் கீழ் ஓரத்தில் பிறை பிறையாக வெட்டு விழுந்திருந்தது. லாடத்து வெட்டு. கட்டையில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கால் கட்டைக்குப் போகவே இல்லை. எல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவர் வீட்டு வண்டி, அவர் ஓட்டுகிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் சில்வண்டு திரும்பி வந்துவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். ஏலக்காய்ப் பறிப்பு நேரம், வண்டியை நிறுத்த முடியாது, காய் இறங்கட்டும் என்றார். அதற்கு மறுநாள் நான் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் போகும்போது மிதியெடு நடு ரோட்டில் வந்து நின்று கையைக் காட்டினார். சத்தம் அவர் காதுக்குப் போய்விட்டது. அங்கேயே ஓடவிட்டு மிதி, எடு. "இது ஒரு வாரந் தாங்காது அப்பு. இதோட மலை ஏறாத" என்றார். அதையும் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவனுக்குச் சோலி வேணும், அதான் சொல்றான் என்றார். ஏறினேன். என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. ஏறத்தான் செய்தேன்.

அரிசி மூட்டைகள், மேலே ராசிங்காபுரத்துப் பெண்கள் பதினாலு பேர், என் பக்கத்தில் அவர்களுடைய கங்காணி. எஸ்டேட்டில் ஒரு வாரம் தங்கிக் காய் பறிக்கப் போகிறவர்கள். பதினோராவது வளைவில் கியரை இறக்க கிளட்சை மிதித்தேன். சத்தம் அலறலாக மாறி, உள்ளே ஏதோ படீரென்று உடைந்தது. பெடல் பலகை வரைக்கும் தொளதொளவென்று போய்விட்டது. வெளியே வந்த கியர் திரும்ப விழவில்லை. பிரேக்கின் மேல் ஏறி நின்றும், அவ்வளவு லோடோடு வண்டி பின்னால் நகர்கிறது, ஒரு சாண், இன்னொரு சாண். பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை, பள்ளம்தான்.

கல்லைப் போடுங்கள் என்று கத்தினேன். பெண்கள் குதித்தார்கள். ஒரு பெண், என் அக்கா வயது இருக்கும், ரோட்டோரத்துக் கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். வண்டி கல்லில் ஏறி உட்கார்ந்து நின்றது. கல்லுக்கும் டயருக்கும் நடுவில் அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் இருந்தது.

விரல் போகவில்லை. ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் மடங்கவில்லை. ஏலக்காய் பறிப்பு கொத்தாக உருவுகிற வேலை இல்லை. பிஞ்சை விட்டுவிட்டு முற்றிய காயை மட்டும் விரலால் பார்த்துக் கிள்ள வேண்டும். விரல் மடங்காதவளை எந்த எஸ்டேட்டில் பறிப்புக்கு வைப்பார்கள்?

வண்டியை வேறு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டுவந்து மிதியெடு கொட்டகையில் விட்டோம். கங்காணி ஒரே பிடியாக நின்றார். யாரால் இப்படி ஆனது என்று தெரியாமல் என் ஆள் ஒருத்தியும் உங்கள் வண்டியில் காலை வைக்காது என்று சொல்லிவிட்டார். ஆள் ஏறாவிட்டால் எஸ்டேட் லோடும் கிடையாது. அன்று சாயந்திரம் முதலாளி என்னைக் கிட்டங்கிக்குக் கூப்பிட்டார். என்றைக்கும் இல்லாமல் உட்காரச் சொன்னார்.

"மாப்ளை பேரு வெளிய வந்தா எம் மக வாழ்க்கையில்ல கெட்டுப்போகும். நாளைக்கு எல்லாரு முன்னாலயும் உன் காலுன்னு ஒத்துக்க. ரெண்டு ஏச்சு ஏசுவேன், தாங்கிக்க. வண்டி உன் கையிலயே இருக்கும்."

சரி என்று தலையை ஆட்டினேன். வீட்டில் பொண்டாட்டி எட்டு மாதக் கர்ப்பம். அந்தக் காரணத்தை இத்தனை வருசமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

மறுநாள் காலை கொட்டகையில் கூட்டம். முதலாளி, கங்காணி, டீக்கடை ஆட்கள். வேடிக்கை பார்க்க மாப்பிள்ளையும் வந்திருந்தார், அதே ஷூ. துணிச்சலைப் பாருங்கள்! கியர் பாக்ஸ் இறங்கியிருந்தது. மிதியெடு குழியிலிருந்து வருவதற்குள் முதலாளியே ஆரம்பித்துவிட்டார், இவன் கால்தான், முன்னாலும் இதே வேலைதான் செய்தான், நீயேதானே சொன்னாய் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தாயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மிதியெடு உடைந்த பேரிங்கைப் பெஞ்சில் வைத்தார். கேபினில் ஏறிப் பெடல் ரப்பரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். அப்புறம் நின்றவர்கள் காலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் அந்த ஷூவில் நின்றார்.

"இது வெறுங்காலு இல்ல மொதலாளி. லாடம் அடிச்ச காலு."

சொன்னதோடு நிற்கவில்லை. எனக்குச் செய்ததையே அவருக்கும் செய்தார். நேரே போய்க் குனிந்து மாப்பிள்ளையின் இடது காலைப் பிடித்துத் தூக்கப் போனார். மாப்பிள்ளை பின்னால் துள்ளினார். முதலாளி போட்ட சத்தத்தில் டீக்கடை அடுப்பே அணைந்திருக்கும். என் வீட்டு மாப்பிள்ளை காலையாடா தொடுகிறாய், என் இடத்தில் கொட்டகை போட்டுக்கொண்டு எனக்கே துரோகமா என்றார். ஓட்டுகிறவனையே கேள், அவன் வாயால் சொல்லட்டும் என்றார்.

அப்போதுதான் மிதியெடு என் பக்கம் திரும்பினார். அத்தனை வருசத்தில் எந்த டிரைவரையும் பேசவிடாத மனுசன், கையைக் காட்டி வாயை அடைக்கிற மனுசன், முதல் தடவையாக ஒருத்தனைக் கேட்டார்.

"நீ சொல்லு அப்பு. யார் காலு?"

கங்காணி என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அந்த லாரி யார் கையில் போகிறது என்று. பார்த்தவர்கள்தான் அவர்கள். ஒருத்தர் இன்னொரு டீக்குச் சொன்னார்.

"என் காலுதாண்ணே" என்றேன்.

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பில்லாத நாக்கு எப்படியும் பேசும், கால் அப்படிப் பேசாது. மிதியெடு அந்த ரப்பரை என் கையில் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். சாயந்திரத்துக்குள் புதுப் பேரிங் போட்டு, பெடலுக்குப் புது ரப்பர் மாட்டி, வேப்பங்கட்டை ஆடுகிறதா என்று தட்டியும் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்.

முதலாளி சொன்னபடி இரண்டு ஏச்சு ஏசினார். கங்காணி என் முன்னால் காறித் துப்பிவிட்டு, இனி ஒழுங்காக ஓட்டுவான் என்ற முதலாளியின் பேச்சை நம்பி ஆட்களை ஏற்றினார். அந்த மாதமே கொட்டகையைப் பிரிக்கச் சொல்லியாகிவிட்டது. டிரைவரே ஒத்துக்கொண்ட பிறகும் பெரிய வீட்டு மாப்பிள்ளை மேல் பழி போட்ட பொய்க்காரன் என்று பேர். தகரத்தையும் சாமான்களையும் ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் மலை தாண்டிப் பூப்பாறைக்குப் போனார். டீக்கடை வாசல் வழியாகத்தான் ஜீப் போனது. எல்லாரும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் தங்கம் என்று சொன்னாரே ஒருத்தர், அவர்தான் முதல் பெஞ்ச்.

நாலு வருசம் அந்த வண்டியை ஓட்டினேன். விரல் மடங்காத அந்தப் பெண்ணுக்கு எஸ்டேட்டில் காயைக் காய வைக்கிற இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. என் வண்டியில்தான் ஏறுவாள். ஒரு நாள் ஏறும்போது, கோபமில்லாமல், "காலைப் பாத்து வச்சு ஓட்டு அப்பு" என்றாள். சரி ஆத்தா என்றேன். வேறென்ன சொல்வது? மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு நானே ஒரு பழைய ஜீப் வாங்கி ஆள் ஏற்றினேன். இரண்டாவது வருசம் கிளட்சில் சத்தம். போடியில் அப்போது மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜீப்பை மலையேற்றி, செக்போஸ்ட் தாண்டி, பூப்பாறைக்குப் போனேன். மிதியெடுவுக்குத் தலை நரைத்திருந்தது. முண்டு கட்டியிருந்தார். நாலைந்து மலையாளத்து டிரைவர்கள் சுற்றி நின்றார்கள், அவர்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசினார். என்னைப் பார்த்தார். தெரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. இன்ஜினை ஓடவிடச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுக் குனிந்தார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னைக்கு அது என் காலு இல்ல. நான் வந்து…"

உள்ளங்கையைக் காட்டினார், பழையபடியே. இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். மிதி என்றாரா, மதி என்றாரா? அந்த மண்ணில் ஆறேழு வருசம் இருந்த நாக்கு அது. போதும் என்றாரா, மிதிக்கச் சொன்னாரா, இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. என் கால் கிளட்சை மிதித்துவிட்டது. சத்தம் வந்தது. 'எடு' என்றார். எடுத்தேன். நின்றது.

நிமிர்ந்து உள்ளே எட்டிப் பெடல் ரப்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவதில் பெரிய ஆளாயிற்றே, இப்போது நாலு பேர் நிற்கிறார்களே, திட்டித் தொலைக்க வேண்டியதுதானே! பொய்க்காரப் பயலே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அதைக்கூட அந்த மனுசன் எனக்குக் கொடுக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி, அதே பழைய குரலில், சந்தைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கிளட்சு பேரிங்கு. பழசாயிருச்சு, அம்புட்டுத்தான். காலு மேல குத்தமில்ல."

காலைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.